2020-ல் ஹாலிபட் சீசன் ஏன் அவ்வளவு தள்ளிப்போனது?

2020 மே 5-ஆம் தேதி வாஷிங்டன் மாநிலத்தில் ஏரிகளிலும் ஆறுகளிலும் மீன்பிடிக்கத் திரும்பவும் அனுமதி கொடுத்தார்கள். ஹாலிபட் மீனுக்குக் கொடுக்கவில்லை. சியாட்டிலை ஒட்டிய உள்கடலான புஜெட் சவுண்ட் பக்கம் இன்னும் சில வாரம் தாமதமானது. பசிபிக் கடற்கரையில் ஆகஸ்ட் வரை இழுத்தது. கரையிலிருந்து பல மைல் தள்ளி, சொந்தப் படகில், வீட்டு ஆட்களோடு தூண்டில் போடுகிறவருக்கு யாரிடமிருந்து தொற்று வரும், இதில் என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வருடம் இங்கே படகு வைத்திருந்த எல்லோரும் கேட்ட கேள்விதான் இது.

நடுக்கடலில் தொற்று வரும் என்று யாரும் பயப்படவில்லை. கடலுக்குப் போகிற வழியில் இருக்கும் சின்னச் சின்ன ஊர்களை நினைத்துத்தான் பயந்தார்கள். அந்த ஊர்களில் மிக முக்கியமான ஒன்று, மாநில அரசு நினைத்தால்கூடத் திறந்துவிட முடியாத இடத்தில் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அந்தத் தாமதம் புரியாது. அதற்கு முதலில் ஹாலிபட் சீசன் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஹாலிபட் என்பது நாக்கு மீன் போல ஒரு பக்கமாகத் தரையில் படுத்துக் கிடக்கும் தட்டை மீன். ஆனால் உருவத்தில் பூதம். பசிபிக் ஹாலிபட் 500 பவுண்டுக்கு மேலும் வளரும். வாஷிங்டன் மாநிலத்தில் தூண்டிலில் பிடித்த சாதனை மீன் 288 பவுண்டு. அப்படிப்பட்டவை எல்லாம் பெண் மீன்கள். ஆண் அந்த அளவுக்கு வளராது. சாதாரணமாகத் தூண்டிலில் வருவது பதினைந்து, இருபது, முப்பது பவுண்டு. வெள்ளை வெளேரென்ற சதை, முள் தொல்லை கிடையாது, உறைய வைத்தாலும் மாதக்கணக்கில் கெடாது. ஒரு நல்ல மீன் கிடைத்தால் ஒரு குடும்பத்துக்குப் பல வாரச் சாப்பாடு. அதனால்தான் குளிர்காலம் முழுக்கத் தூண்டில் கயிற்றை மாற்றிக்கொண்டு, ஈயக்குண்டு வார்த்துக்கொண்டு, ஓத அட்டவணையைப் புரட்டிக்கொண்டு ஆட்கள் காத்திருப்பார்கள்.

இந்த மீனை நிர்வகிப்பது ஒரு மாநிலமோ ஒரு நாடோ அல்ல. அமெரிக்காவும் கனடாவும் 1923-ல் ஒப்பந்தம் போட்டு உருவாக்கிய சர்வதேச பசிபிக் ஹாலிபட் ஆணையம், இன்றும் சியாட்டிலில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்கிறது. கலிஃபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை கடலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அந்த வருடம் எத்தனை பவுண்டு பிடிக்கலாம் என்று ஆணையம் சொல்லும். வாஷிங்டன், ஓரிகன், கலிஃபோர்னியா மூன்றும் சேர்ந்தது 2ஏ என்ற பகுதி. 2020-ல் அதற்குக் கிடைத்தது 15 லட்சம் பவுண்டு. தலையும் குடலும் நீக்கிய எடைக் கணக்கு அது. அதில் 35 சதவீதம் ஒப்பந்த உரிமையுள்ள பழங்குடிகளுக்கு. மீதியைத் தொழில்முறை மீனவர்களுக்கும் மூன்று மாநிலத்துப் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கும் பிரித்துக் கொடுத்ததில், வாஷிங்டன் தூண்டில்காரர்களின் பங்கு சுமார் 2,77,000 பவுண்டு. ஒரு மீன் சராசரியாக 20 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 14,000 மீன். மாநிலம் முழுக்கவே அவ்வளவுதான்.

அதனால் ஹாலிபட் சீசன் நாள் கணக்கில் ஓடுவதில்லை, பவுண்டு கணக்கில் ஓடுகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் திறப்பார்கள். பிடித்த எடையைத் துறைமுகங்களில் கணக்கெடுப்பார்கள். மிச்சம் எவ்வளவு என்று பார்த்து அடுத்த நாட்களை அறிவிப்பார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு மீன், அந்த வருடக் கணக்கில் மொத்தம் நான்கு. வானிலை நன்றாக இருந்து கூட்டமும் சேர்ந்துவிட்டால் ஒரு பகுதியின் கோட்டா சில நாட்களிலேயே தீர்ந்துவிடும். எனவே திறக்கும் நாள் என்பது இங்கே பெரிய விஷயம். முதல் வாரத்தைத் தவறவிட்டால் அந்த வருடமே போய்விடலாம். விடுமுறை எடுப்பது, மோட்டல் அறை பதிவு செய்வது, படகுத் துறையில் இடம் பிடிப்பது எல்லாம் அந்த ஒரு தேதியை வைத்தே நடக்கும்.

இந்த 2,77,000 பவுண்டும் ஒரே குவியலாக இருப்பதில்லை. மாநிலத்துக்குள்ளேயே நான்கு பங்காகப் பிரிகிறது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது. கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் இல்வாக்கோ பக்கம் மிகச் சிறிய பங்கு. வெஸ்ட்போர்ட்டை மையமாகக் கொண்ட தெற்குக் கடற்கரைக்குச் சுமார் 63,000 பவுண்டு. வாஷிங்டனுக்கும் கனடாவின் வான்கூவர் தீவுக்கும் நடுவில் இருக்கும் ஹுவான் டி ஃபூக்கா நீரிணையின் பெரும்பகுதியையும் உள்கடலையும் சேர்த்துப் புஜெட் சவுண்டுக்குச் சுமார் 77,500. மீதி 1,28,000 பவுண்டு, அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவு, வடக்குக் கடற்கரைக்கு. அங்கே கடலுக்கு இறங்க இரண்டு துறைகள்தான் உண்டு: நீயா பே, லா புஷ். நீயா பே மக்கா பழங்குடியினரின் ஊர். லா புஷ் க்விலியூட் பழங்குடியினரின் ஊர். இரண்டும் அவர்களுடைய சொந்த நிலம்.

இப்போது 2020-க்கு வருவோம். அமெரிக்காவில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்ட கொரோனா நோயாளி ஜனவரியில் இதே மாநிலத்தில், ஸ்னோஹோமிஷ் கவுன்டியில்தான் தெரிய வந்தார். பிப்ரவரி கடைசியில் கிர்க்லாண்டில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் மரணங்கள் தொடங்கின. மார்ச் 10-ஆம் தேதி ஸ்கேஜிட் கவுன்டியில் ஒரு பாடகர் குழு ஒத்திகைக்காகக் கூடியது. வந்தவர் 61 பேர், அவர்களில் 53 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். நியூயார்க் செய்திகள் பெரிதாவதற்கு முன்பே இந்த மாநிலம் அடி வாங்கிவிட்டது. பின்னால் எடுத்த முடிவுகளைக் குறை சொல்கிறவர்கள் அந்த மார்ச் மாதம் எப்படி இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. எது தொற்றும், எது தொற்றாது என்று யாருக்கும் தெளிவில்லாத நேரம். கடையில் வாங்கிய பாலைக்கூடத் துடைத்து உள்ளே வைத்தோம்.

மார்ச் 23-ஆம் தேதி ஆளுநர் ஜே இன்ஸ்லி வீட்டிலேயே இருக்கும்படி உத்தரவு போட்டார். அதற்கு முந்தைய வார இறுதியில் வெயில் அடித்தது. அலுவலகம் இல்லை, பள்ளி இல்லை. படகு இறக்கும் ராம்ப்களிலும் ஆற்றங்கரைகளிலும் கூட்டம் நிரம்பி வழிந்தது. இரண்டே நாளில், மார்ச் 25-ஆம் தேதி, மாநில மீன் மற்றும் வனவிலங்குத் துறை பொழுதுபோக்கு மீன்பிடி முழுவதையும் நிறுத்தியது. ஆறு, ஏரி, கடல், கிளிஞ்சல் பொறுக்குவது எல்லாமே. முதலில் ஏப்ரல் 8 வரை என்றார்கள், பிறகு மே 4 வரை நீட்டினார்கள். ஏப்ரல், மே மாதங்களில் தொடங்க வேண்டிய ஹாலிபட் நாட்கள் அப்படியே அடிபட்டுப் போயின. ஏப்ரல் கடைசியில் திருவிழா மாதிரி தொடங்கும் ஏரி டிரவுட் மீன்பிடியும் போனது.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏரியையும் ஆற்றையும் மொத்தமாக மூடியது தேவைக்கு மேற்பட்டது. பெரும்பாலான மாநிலங்கள் அப்படிச் செய்யவில்லை. பக்கத்து ஓரிகன் வெளிமாநிலத்தவருக்கு மட்டும் தடை போட்டது. உள்ளூர் ஏரிக்கரையில் தனியாக நின்று தூண்டில் போடுகிறவரால் யாருக்கும் ஆபத்து வந்திருக்காது. ராம்ப்களில் வண்டிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தியிருந்தால் போதும். ஆனால் ஹாலிபட் வேறு விஷயம். அதைத் தனியாகப் பிரித்துத் தாமதப்படுத்தியது சரி என்றே நினைக்கிறேன்.

“நான் என் படகில், என் மகனோடு போகிறேன்” என்ற வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. படகு கடலில் இறங்கிய பிறகு அது முழு உண்மை. ஆனால் சியாட்டிலில் இருந்து நீயா பே போக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், படகை இழுத்துக்கொண்டு போனால் இன்னும் கூடும். வழியில் பெட்ரோல், காபி, கழிப்பறை, ஒருவேளை ஃபெர்ரி. போய்ச் சேர்ந்ததும் மோட்டல் அல்லது முகாம், படகுக்கு எரிபொருள், இரை, ஐஸ். அதிகாலையில் ராம்ப்பில் வரிசை. திரும்பி வந்ததும் மீன் வெட்டும் மேசையைச் சுற்றி எல்லோரும் தோளோடு தோள் உரசி நின்று, யாருக்கு எங்கே எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். சீசன் தொடங்கும் வாரத்தில் இதை நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே ஊரில் செய்வார்கள். அதுவும் சியாட்டில், டகோமா, எவரெட் போன்ற, நோய் முதலில் பரவிய இடங்களிலிருந்து கிளம்பி வந்து.

கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் சார்ட்டர் படகு என்றால் இன்னும் நெருக்கம். வெஸ்ட்போர்ட்டில் இருந்து கிளம்பும் பெரிய படகுகளில் முன்பின் தெரியாத ஒரு டஜன் பேர், சில நேரம் அதற்கும் மேல், கைப்பிடிக் கம்பியை ஒட்டி வரிசையாக நிற்பார்கள். ஹாலிபட் களம் தூரம் என்பதால் போக வரப் பல மணி நேரம் சின்னக் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு கயிறு சிக்கிக்கொண்டால் படகின் உதவியாளான டெக்ஹேண்ட் வந்து இரண்டு பேருக்கும் நடுவில் குனிந்து பிரித்துவிடுவார்.

கடல் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கையும் அந்த மே மாதமே உடைந்தது. சியாட்டிலில் இருந்து கிளம்பிய ஒரு தொழில்முறை மீன்பிடிக் கப்பலில், புறப்படுவதற்கு முன் பரிசோதனை செய்திருந்தும், 122 பேரில் 104 பேருக்குத் தொற்றியது. ஏற்கெனவே நோய் வந்து எதிர்ப்பு சக்தி இருந்த மூவருக்கும் தொற்றவில்லை என்று பிறகு ஆய்வுக் கட்டுரையாகவே வெளிவந்தது. அது பல நாள் ஒன்றாகத் தங்கும் கப்பல். நம் 22 அடிப் படகோடு அதை நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் கேபினுக்குள் என்ன நடக்கும் என்று அது காட்டியது. ஜூன் மாதம் ஓரிகனின் நியூபோர்ட் துறைமுகத்தில் ஒரு மீன் பதனிடும் ஆலையில் 124 பேருக்குத் தொற்று உறுதியானது. துறைமுக ஊர்கள் எல்லாம் சின்னவை. ஆலையில் வேலை பார்ப்பவரின் அண்ணன் படகில் இருப்பார், மனைவி உணவகத்தில் இருப்பார், அம்மா பக்கத்துத் தெருவில் இருப்பார்.

இனி நீயா பே. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வருடம் தூண்டில்காரர்கள் மத்தியில் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது இந்த ஊர்தான்.

அலாஸ்கா, ஹவாய் நீங்கலாகப் பார்த்தால், அமெரிக்க நிலப்பரப்பின் வடமேற்கு மூலை அது. ஊருக்குள் போகும் நெடுஞ்சாலை ஒன்றே ஒன்று, 112-ஆம் எண் சாலை. மழைக்காலத்தில் மண்சரிந்து அதுவும் அடைபடும். ஊரில் ஒரு மருத்துவ மையம் உண்டு. பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் ஃபோர்க்ஸ் அல்லது போர்ட் ஏஞ்சலஸ் போக வேண்டும். வளைந்து வளைந்து போகும் சாலையில் ஒன்றரை மணி நேரம், சில நேரம் இரண்டு. செயற்கைச் சுவாசம் தேவைப்படும் பத்துப் பேர் ஒரே வாரத்தில் வந்தால் அங்கே யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரே வீட்டில் தாத்தா பாட்டியும் பேரக் குழந்தைகளும் சேர்ந்து வாழும் ஊர். மக்கா மொழியைக் குழந்தையிலிருந்தே பேசி வளர்ந்த கடைசித் தலைமுறை போய்விட்டது. பழைய விஷயங்களை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் அங்கே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களை இழந்தால் திரும்பக் கிடைக்காது.

இதற்கு முன்னாலும் வெளியிலிருந்து நோய் வந்திருக்கிறது. 1853-ல் கப்பல் வழியாக வந்த பெரியம்மை மக்கா மக்களில் பெரும் பகுதியைக் கொன்றது. கடற்கரையில் பிணங்கள் கிடந்தன, ஒரு கிராமமே கைவிடப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, 1855 ஜனவரியில், மிஞ்சியவர்கள்தான் அமெரிக்க அரசோடு நீயா பே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ‘எனக்குக் கடல் வேண்டும், அதுதான் என் நாடு’ என்று அவர்களின் தலைவர் ஒருவர் அந்தப் பேச்சுவார்த்தையில் சொன்னது பதிவாகியிருக்கிறது. நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். வழக்கமான இடங்களில் மீனும் திமிங்கலமும் சீலும் பிடிக்கும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த மீன் என்று சொன்னதில் ஹாலிபட்டுக்குத்தான் பெரிய இடம். மரத்தை ஆவியில் வளைத்து, எலும்பு முள் கட்டிய அவர்களின் ஹாலிபட் தூண்டில் எவ்வளவு நுட்பமானது என்று அங்கிருக்கும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மிகச் சின்ன மீனும் மிகப் பெரிய மீனும் மாட்டாமல், சாப்பிடத் தோதான அளவில் இருப்பது மட்டும் மாட்டும்படி அதன் வாய் இடைவெளி அமைந்திருக்கும். நாம் பொழுதுபோக்காகச் செய்வதை அவர்கள் நூற்றாண்டுகளாக வாழ்க்கையாகச் செய்தவர்கள்.

2020 மார்ச் நடுவில், ஆளுநரின் உத்தரவுக்கு முன்பே, மக்கா பழங்குடி மன்றம் வெளியாட்களுக்கு ஊரை மூடியது. சாலையில் சோதனைச் சாவடி வைத்தார்கள். மரீனா என்ற படகுத்துறை, தங்கும் விடுதிகள், ஷை ஷை கடற்கரை, கேப் ஃபிளாட்டரி நடைபாதை, அருங்காட்சியகம் எல்லாம் மூடியாயிற்று. இதில் அவர்களுக்கு நஷ்டமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வசந்த காலத்து ஹாலிபட்டும் கோடைகாலத்து சால்மனும் கொண்டுவரும் கூட்டம்தான் அந்த ஊரின் கடைகளுக்கும் மோட்டல்களுக்கும் பெரிய வருமானம். தெரிந்தே அந்த வருமானத்தை விட்டார்கள். லா புஷ்ஷில் க்விலியூட் மக்களும் அதேபோல மூடினார்கள்.

இப்போது அந்தக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். மாநிலத் தூண்டில்காரர்களின் ஹாலிபட்டில் பாதிக்குக் கிட்டத்தட்ட இந்த இரண்டு ஊர்கள் வழியாகத்தான் கடலுக்குப் போய்ப் பிடிக்க வேண்டும். மே மாதம் மாநிலத் துறை கடலைத் திறந்திருந்தாலும் இறங்க இடமில்லை. இறங்க இடமில்லாமல் கடலை மட்டும் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீரிணைக் கரையில் இருக்கும் சீக்யூ, வெஸ்ட்போர்ட், போர்ட் ஏஞ்சலஸ் என்று எஞ்சிய நான்கைந்து ஊர்களில் மொத்த மாநிலக் கூட்டமும் போய்க் குவிந்திருக்கும். அவையும் சின்ன ஊர்கள்தான். தெற்குக் கடற்கரையின் கவுன்டிகளே வெளியூர்க்காரர்கள் இப்போது வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தன. ரேஸர் கிளாம் என்ற மட்டியை மணலில் தோண்டுவதை நிறுத்தியதற்கும் அதுதான் காரணம். ஏரி டிரவுட்டுக்கு ஆள் பக்கத்து ஏரிக்குப் போவார். ஹாலிபட்டுக்கோ மாநிலத்தின் குறுக்கே பயணம் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாது என்று சொல்வது அதனால்தான்.

“பழங்குடிகள் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்களே, தொழில்முறைப் படகுகள் போனதே” என்ற கோபத்தையும் அந்த நாட்களில் நிறையக் கேட்டேன். தொழில்முறை மீன்பிடியை உணவு உற்பத்தி என்ற கணக்கில் அத்தியாவசிய வேலையாக வைத்தார்கள். அரிசி ஆலை ஓடுவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. அதுகூட நன்றாக நடக்கவில்லை. உணவகங்கள் மூடிக் கிடந்ததால் புதிய ஹாலிபட்டின் விலை சரிந்தது. பழங்குடிகளின் பங்கு 1855 ஒப்பந்தத்திலும், 1974-ல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் அந்த ஒப்பந்தங்களுக்கு உயிர் கொடுத்த தீர்ப்பிலும் வேரூன்றியது. அது நம் பங்கிலிருந்து எடுத்தது இல்லை. அவர்கள் தங்கள் வீட்டுத் துறையிலிருந்து தங்கள் ஊர்க்காரர்களோடு போனார்கள், வெளியூர் ஆள் யாரையும் உள்ளே கொண்டுவரவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சரி, பிடிக்காமல் விட்ட மீன் என்ன ஆயிற்று? இங்கேதான் பவுண்டுக் கணக்கு கைகொடுத்தது. கோட்டா காலாவதியாகவில்லை. ஏப்ரலில் யாரும் பிடிக்காத பவுண்டுகள் அப்படியே கணக்கில் இருந்தன. மே பிற்பாதியில் புஜெட் சவுண்ட் பகுதி திறந்தது. கடற்கரைப் பகுதிகளை ஆகஸ்டில் திறந்து, செப்டம்பரிலும் நாட்கள் கொடுத்தார்கள். அதுவரை பொதுவாக ஜூன் மாதத்துக்குள் முடிந்துவந்த கடற்கரை ஹாலிபட் சீசன் அந்த வருடம் கோடைக் கடைசியில் நடந்தது. திறப்பு தள்ளிப்போனதே தவிர, ரத்தாகவில்லை.

ஆனால் வசந்த கால மீனும் ஆகஸ்ட் மீனும் ஒன்றா என்று கேட்டால், இல்லை. ஹாலிபட் நவம்பர் முதல் மார்ச் வரை கண்டத் திட்டின் விளிம்பில் ஆழத்தில் முட்டையிடும். குளிர் குறைந்ததும் இரை தேடி மேட்டுப் பகுதிகளுக்கு ஏறி வரும். நீரிணையில் ஏப்ரல், மே மாதங்களில்தான் அது நன்றாகக் கிடைக்கும். ஹைன் பேங்க், பார்ட்ரிட்ஜ் பேங்க் மாதிரி நீருக்கடி மேடுகளில் நங்கூரம் போட்டு, ஹெர்ரிங், ஆக்டோபஸ் துண்டு, சால்மன் வயிற்றுத் துண்டு எதையாவது வளைய முள்ளில் கோத்து, ஒன்றிரண்டு பவுண்டு ஈயத்தோடு தரையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரையின் வாசம் நீரோட்டத்தோடு போய் மீனைக் கூட்டிவரும். ஓதத்தின் ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும். நீரோட்டம் வேகமானால் மூன்று பவுண்டு ஈயம்கூடத் தரையில் நிற்காது. கோடை ஏற ஏற நாய்ச்சுறா கூட்டம் கூட்டமாக வந்து இரையைத் தின்றுவிடும். அப்புறம் ஹாலிபட் இரையைப் பார்ப்பதற்குள் முள் காலியாகிவிடும். ஆகவே நீரிணையில் இரண்டு மாதத் தாமதம் என்றால் அது உண்மையான இழப்பு. மே மாதமே அதைத் திறந்தது மிக நல்ல முடிவு.

வெளிக்கடலில் நிலைமை வேறு. ஆகஸ்டில் கடல் பல நாள் அமைதியாக இருக்கும். மே மாதத்தில் எட்டு அடி அலையைப் பார்த்து வீட்டுக்குத் திரும்பியவர்கள் அப்போது தைரியமாகப் போகலாம். காலை மூடுபனிதான் தொந்தரவு, ரேடார் இல்லாத சின்னப் படகுக்கு அது பெரிய ஆபத்து. இன்னொரு பக்கம், ஆகஸ்ட் என்றால் கோஹோ சால்மனும் ஆல்பகோர் சூரையும் வரும் நேரம். சார்ட்டர் படகுக்காரருக்கு ஒரு நாளில் ஒரு வேலைதான் செய்ய முடியும். வழக்கமாக மே மாதத்தை ஹாலிபட்டும் ஜூலை, ஆகஸ்டை சால்மனும் நிரப்பும். அந்த வருடம் மே வெறுமையாகப் போனது, ஆகஸ்டில் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தது.

உண்மையில் அடி வாங்கியவர்கள் அவர்கள்தான். எனக்கு ஃப்ரீசரில் மீன் இல்லாமல் போனால் வேறு எதையாவது சாப்பிடுவேன். குளிர்காலத்தில் கடன் வாங்கி இஞ்சினைப் பழுது பார்த்துவிட்டு, மே மாத முன்பதிவை நம்பியிருந்த கேப்டன் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவருடைய டெக்ஹேண்டுக்கு வேலையும் இல்லை, டிப்ஸும் இல்லை. இரைக்கடை, சின்ன மோட்டல், படகுத்துறை உணவகம் எல்லாவற்றுக்கும் அதே கதைதான். என் வருத்தம் எல்லாம் அவர்களுக்குத் தேதி சொல்லாமல் விட்டதில்தான். ‘மறு அறிவிப்பு வரும் வரை’ என்ற வாசகத்தை வைத்துக்கொண்டு யாரும் கடை நடத்த முடியாது. கடற்கரை ஆகஸ்டுக்கு முன் திறக்காது என்று கொஞ்சம் முன்கூட்டியே ஒரு கணிப்பாகவாவது சொல்லியிருக்கலாம். ஆணையம், கூட்டாட்சி மீன்வளத் துறை, மாநிலத் துறை, கவுன்டிகள், பழங்குடி மன்றங்கள் என்று இத்தனை பேர் ஒப்புக்கொண்டால்தான் தேதி மாறும் என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் வாரத்துக்கு ஒருமுறை நிலைமை இதுதான் என்று பேசியிருந்தால் பாதிக் கோபம் குறைந்திருக்கும்.

அலாஸ்காவில் அதே வருடம் பிரச்சினை தலைகீழாக இருந்தது. அங்கே மீனும் இருந்தது, சீசனும் திறந்திருந்தது, ஆள்தான் இல்லை. வெளியிலிருந்து வருகிறவர்கள் 14 நாள் தனித்திருக்க வேண்டும் என்றதும் லாட்ஜ்களின் முன்பதிவுகள் காணாமல் போயின. அதைப் பார்த்து ஆணையம் சீசன் நடுவிலேயே சார்ட்டர் விதிகளைத் தளர்த்தியது. தென்கிழக்கு அலாஸ்காவில் அதுவரை 40 அங்குலத்துக்கு உட்பட்ட அல்லது 80 அங்குலத்துக்கு மேற்பட்ட மீனைத்தான் வைத்துக்கொள்ளலாம். அந்த 40-ஐ 45 ஆக்கினார்கள். தெற்கு மத்திய அலாஸ்காவில் இரண்டாவது மீனின் அளவு வரம்பு 26 அங்குலத்திலிருந்து 32-ஆக உயர்ந்தது, வருட வரம்பும் நீங்கியது. வழக்கமாக அசைய வருடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஓர் அமைப்பு சில வாரங்களில் இதைச் செய்தது. கனடாவின் எல்லையும் மார்ச் 21 முதல் மூடியிருந்ததால், நீரிணைக்கு அந்தப் பக்கம் வான்கூவர் தீவில் சீசன் திறந்திருந்தும், இங்கிருந்து யாரும் போக முடியவில்லை. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தெரியும் கரை அது.

ஆக, உங்கள் கேள்விக்கு: தனிப் படகில் போகிற தனி ஆளைப் பொறுத்தவரை அந்தத் தடை தேவையற்றதாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் சீசன் என்பது தனி ஆளுக்காகத் திறப்பதில்லை. திறந்தால் எல்லோருக்கும் திறக்க வேண்டும், எல்லோரும் ஒரே வாரத்தில் வருவார்கள், வந்து இறங்குவது பெரும்பாலும் மருத்துவமனை இல்லாத ஊர்களில். அதில் முக்கியமான இரண்டு ஊர்கள் தங்கள் கதவைத் தாங்களே மூடியிருந்தன, மூட அவர்களுக்கு முழு உரிமையும் இருந்தது.

அந்த மூடல் 2020-ஓடு முடிந்துவிடவும் இல்லை. 2021 சீசனிலும் நீயா பே திறக்கவில்லை. வடக்குக் கடற்கரை மீன் வேண்டியவர்கள் சீக்யூவில் படகை இறக்கி, சுமார் 15 மைல் மேற்கே ஓட்டி நீயா பே முகப்பைத் தாண்டி, அதற்கப்புறம் ஹாலிபட் களத்துக்குப் போனார்கள். எரிபொருள் செலவு அதிகம், மாலையில் எதிர்காற்றில் திரும்பி வருவது அதைவிடக் கஷ்டம். மக்கா மன்றம் 2022 மார்ச் நடுவில், ஊரை மூடி இரண்டு வருடம் ஆன பிறகு, வெளியாட்களுக்குச் சாலையைத் திறந்தது. அந்த வசந்தத்தில் மரீனாவில் மறுபடி இடம் கொடுத்தார்கள். இப்போது நீங்கள் அங்கே ஹாலிபட்டுக்குப் போவதாக இருந்தால், அவர்களின் நிலத்தில் காலடி வைக்கும்போது வாங்க வேண்டிய பொழுதுபோக்கு அனுமதிச் சீட்டை முதலில் வாங்கிவிடுங்கள். ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும். இரையையும் ஐஸையும் சியாட்டிலில் இருந்து சுமந்துகொண்டு போகாமல் அங்கேயே வாங்குங்கள்.